ஆடாத வாளி

அத்தியாயம் 6

2023 ஜூலை 4, செவ்வாய்க்கிழமை, காலை 9 மணி 52 நிமிடம். சிலியின் தல்காவானோ துறைமுகத்துக்கு மேற்கே நாற்பத்தொரு கடல் மைலில், ‘ரொசாரியோ இரண்டு’ என்ற மீன்பிடிக் கப்பலின் வலப்பக்க விளிம்பைத் தாண்டி எலிசியோ கத்ரிலெயோ கடலில் விழுந்தான். வயது முப்பத்தொன்று. உடல் கிடைக்கவில்லை.

அவன் விழுந்தது பதினோரு விநாடிப் படமாக இருந்தது. பத்து நாள் கழித்து, வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, கிளோரிந்தா இனோஸ்த்ரோசா அதை நாற்பத்து மூன்றாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தோன்யா, இன்னும் ரெண்டு தடவ பார்த்தீங்கன்னா அந்தப் படமே தேய்ஞ்சுடும்” என்றான் தாகோ.

கிளோரிந்தாவை ஊரில் எல்லோரும் மரியாதையாக ‘தோன்யா’ என்றுதான் அழைப்பார்கள். துறைமுகத்தில் முப்பது வருடம் நனைந்த சரக்குகளைச் சோதித்தவள் அவள். எந்த மூட்டையை மழை நனைத்தது, எந்த மூட்டையை முதலாளி நனைத்தார் என்று பிரித்துச் சொல்வதுதான் வேலை. ஓய்வு பெற்ற பிறகு மனிதர்களின் விஷயத்தில் அதையே செய்துகொண்டிருந்தாள். அவளுக்கு உதவியாக இருந்த தாகோ முன்பு டிவி ரிப்பேர் கடை வைத்திருந்தான். கடை மூடியதற்குக் காரணம் வாடிக்கையாளர் குறைவு என்று அவன் சொல்வான். வாடிக்கையாளர்கள் அவன் வாய்தான் காரணம் என்பார்கள்.

எதிர் நாற்காலியில் யஸ்னா உட்கார்ந்திருந்தாள். அவள் குடையிலிருந்து தண்ணீர் சொட்டித் தரையில் ஓடியது. செத்துப்போன எலிசியோ அவளுடைய தம்பி. அவனைத் தள்ளிவிட்டதாகக் காவலில் இருக்கும் பௌதிஸ்தா அவளுடைய கணவன்.

“மூணு மணிக்கு விசாரணை, தோன்யா. அவரு தள்ளினாருன்னு நீதிபதி நம்பிட்டா உள்ளயே வெச்சுடுவாங்க. அம்மா ஏற்கெனவே எங்கூடப் பேசுறதில்ல. கொலைகாரனுக்குச் சோறு கட்டுறேனாம்.”

“நீ என்ன நம்புற?”

“அவரு சறுக்கிட்டாரு. அவரே சொன்னாரு. கப்பல் சாஞ்சுது, கால் வழுக்குச்சு, எலிசியோ மேல போய் மோதிட்டேன்னு. எங்கிட்ட அவரு பொய் சொன்னதில்ல.”

கிளோரிந்தா மறுபடி படத்தை ஓட்டினாள். பிடித்த மீனைத் திருட்டுத்தனமாகக் கடலில் கொட்டக் கூடாது என்பதற்காகக் கப்பலின் பின் சட்டத்தில் பொருத்திய காமிரா அது. மூடுபனி. வானமும் கடலும் ஒரே சாம்பல். தளத்தின் வலப்பக்க விளிம்பில் எலிசியோ குனிந்து, சிக்கிய கயிறு ஒன்றை இழுத்துக்கொண்டிருக்கிறான். காமிராவுக்கு முதுகு காட்டி பௌதிஸ்தா வருகிறான். நாலு எட்டு ஓடுகிறான். இரண்டு கையும் எலிசியோவின் முதுகில் போய் நிற்கின்றன. இரண்டு விநாடி. எலிசியோ இல்லை. பௌதிஸ்தாவின் முதுகு விளிம்பின் மேல் கவிவதோடு படம் முடிகிறது.

இத்தனைக்கும் தளம் சாப்பாட்டு மேசை மாதிரி அசையாமல் கிடந்தது. அரசு வழக்கறிஞர் மொராகாவின் வழக்கு முழுவதும் அந்த அசையாத தளத்தின் மேல்தான் நின்றது. காமிராவோடு ஒரு பெட்டி உண்டு. கடல் எவ்வளவு புரண்டாலும் அது அடிவானத்தைத் தேடிப் பிடித்துப் படத்தில் நேராக நிறுத்திவிடும். அப்படி நிறுத்தினால் ஆட்டமெல்லாம் கப்பலின் கணக்கில் சேரும். படத்தில் தளம்தான் ஏறி இறங்கும். இந்தப் படத்தில் தளம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஆகவே கப்பல் ஆடவில்லை. ஆடாத கப்பலில் யாரும் சறுக்குவதில்லை. வானிலை எச்சரிக்கையை மீறிக் கடலுக்குப் போன கப்பல் தலைவனும், தன் தலை தப்ப வேண்டி, “லேசான அலைதான்” என்று எழுதிக் கொடுத்திருந்தான்.

போதாததற்கு, சம்பவத்துக்கு ஐந்து நாள் முன்பு, மீனவர்களின் புனிதர் இராயப்பர் திருவிழாவில் மச்சானும் மாப்பிள்ளையும் அடித்துக்கொண்டதை ஊரே பார்த்திருந்தது. புனிதரின் சப்பரத்தில் முன்பக்க இடது கம்புக்கு யார் தோள் கொடுப்பது என்பதுதான் சண்டை.

“மேல என்ன தொங்குது, தாகோ?”

“வாளி. ரப்பர் கோட்டு. திருவிழாத் தோரணம், அவுக்கச் சோம்பேறித்தனப்பட்டு விட்டது. மூணும் ஆடுது. போலீஸ் அறிக்கையில ‘பலத்த காற்று’ன்னு போட்டிருக்கான்.”

“வாளி எவ்வளவு கனம்?”

“இரும்பு. அடியில தண்ணி வேற. பத்துக் கிலோ வரும்.”

“தோரணம்?”

“பிளாஸ்டிக். என் வாக்குறுதி மாதிரி, கையில வெச்சா கனமே தெரியாது.”

“காத்துன்னா எது அதிகம் சாயணும்?”

தாகோ மேசையிலிருந்த அளவுகோலை எடுத்துத் திரையில் வைத்தான். வாளியின் கயிறு. பிறகு கோட்டு. பிறகு தோரணம். படத்தை அரை விநாடி தள்ளி நிறுத்தி மறுபடி வைத்தான். மூன்று கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தன. சாய்ந்தால் மூன்றும் ஒரே அளவு. திரும்பினால் மூன்றும் ஒரே நேரம்.

“பத்துக் கிலோவும் பத்துக் கிராமும் ஒண்ணா சாயுது. இவ்வளவு நியாயமான காத்து இந்த ஊர்ல வீசினதே இல்லயே, தோன்யா.”

“அது சாயல. வாளி நேரா நிக்குது. கோட்டு நேரா நிக்குது. கனமோ லேசோ, தொங்குற பொருள் பூமியப் பார்த்துத்தான் தொங்கும். மத்ததெல்லாம்தான் சாயுது.”

யஸ்னா எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தாள். “அப்ப கப்பல் ஆடியிருக்கு.”

“நல்லாவே ஆடியிருக்கு. பெட்டி ஏன் ஏமாந்துச்சுன்னுதான் தெரியணும்.” கிளோரிந்தா விரலைத் திரையின் மேல்பகுதியில் வைத்தாள். சாம்பல் நிறத்துக்குக் குறுக்கே, கப்பல் விளிம்பு ஒரு வெள்ளைக் கோடாக ஓடியது. அந்தப் படத்தில் அதைத் தவிரத் தெளிவான கோடு வேறு இல்லை. “இந்த வெள்ளை எப்ப அடிச்சது?”

“திருவிழாவுக்கு முந்தின நாள். அவருதான் அடிச்சாரு.” யஸ்னாவின் குரல் தணிந்தது. “ஜனவரில எனக்கு ஆபரேஷன் நடந்துச்சில்ல. நான் பொழைச்சு வந்தா, கப்பல் விளிம்பு முழுக்க வெள்ளையடிச்சு இராயப்பர் ஊர்வலத்துல விடுறேன்னு நேர்ந்துக்கிட்டாரு. ரெண்டு தடவ அடிச்சாரு. தனி ஆளா.”

*

காமிரா நிறுவனத்தின் அலுவலகம் கோலோன் சாலையில், ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது. தொழில்நுட்பம் பார்க்கும் காத்திகா, துளையிடும் சத்தத்துக்குப் பழகிப்போன மனிதர். பௌதிஸ்தாவின் வக்கீல் ஓயார்சே காலையிலேயே எழுதிக் கேட்டதால் மொராகாவும் வந்திருந்தார். இரண்டு தரப்பும் இருந்தால்தான் படத்தைத் தொடலாம்.

“ஜூன் இருபதாம் தேதிப் படத்தப் போடுங்க” என்றாள் கிளோரிந்தா.

போட்டார். விளிம்பு துருப்பிடித்த பழுப்பு. அடிவானம் நூல் பிடித்தாற்போல நேராக நிற்க, தளம் இடமும் வலமுமாகப் புரண்டது. பார்த்துக்கொண்டிருந்த ஓயார்சே நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இப்ப ஜூலை ஒண்ணு.”

தளம் அசையவில்லை.

“அன்னிக்கு அலைன்னு துறைமுகத்தையே மதியம் மூடினாங்க. எங்க தெருவுல ரெண்டு வீட்டுக் கூரை கிளம்பிப் போச்சு. ஒண்ணு இன்னும் திரும்பி வரல” என்றான் தாகோ. “இந்தக் கப்பல் மட்டும் பூங்காக் குளத்துல போட்ட வாத்துப் படகு மாதிரி நிக்குது.”

காத்திகா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “பெட்டி, படத்துக்குக் குறுக்க போற நீளமான, பளிச்சுன்னு இருக்கிற கோட்டத் தேடும். அது அடிவானமா இல்ல மரக்கட்டையான்னு அதுக்குத் தெரியாது.”

“கப்பல் விளிம்ப அடிவானம்னு எடுத்துக்கிட்டா?”

“காமிரா கப்பலோடயே ஆடுது. விளிம்பும் கப்பலோடயே ஆடுது. ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசமே இருக்காது. பெட்டி ஒண்ணும் செஞ்சிருக்காது. சும்மா இருந்துட்டு, நேராக்கிட்டேன்னு முத்திரை போட்டிருக்கும்.”

“என் மாமனார் முப்பத்தஞ்சு வருஷம் அரசாங்க வேலை பார்த்தது அப்படித்தான்” என்றான் தாகோ.

மொராகா சிரிக்கவில்லை. ஆனால் எரிச்சலும் படவில்லை. பொறுமையான மனிதர், அதுதான் அவரிடம் பயப்பட வேண்டியது. “விளிம்ப மறைச்சுட்டு மறுபடி ஓட்ட முடியுமா?”

“முடியும். பனிக்குள்ள உண்மையான அடிவானம் லேசா இருக்கத்தான் செய்யுது. நாற்பது நிமிஷம் ஆகும்.”

கிளோரிந்தா நடைக்கு வந்து யஸ்னாவுக்குப் போன் செய்தாள். “கப்பல் ஆடினது நிச்சயம். பெட்டி தப்புன்னு அவங்க வாயாலயே சொல்லிட்டாங்க.” மறுமுனையில் யஸ்னா அழுவது கேட்டது. பின்னாலேயே துளையிடும் சத்தமும் கேட்டதால் எது எப்போது நின்றது என்று தெரியவில்லை.

பன்னிரண்டு பத்துக்குப் புதிய படம் வந்தது.

சாம்பலுக்குள் மயிரிழைபோல ஓர் அடிவானம் அசையாமல் கிடந்தது. கப்பல்தான் அதன் கீழே புரண்டது. வாளி நேராக நின்றது. படத்தின் மூலையில் சாய்வு எண்ணாக ஓடியது: பதினெட்டு, இருபத்திரண்டு, இருபத்தாறு. தாகோ மேசைக்கடியில் கிளோரிந்தாவின் காலை லேசாகத் தட்டினான். ஓயார்சே தன் பையை மூடிவிட்டு, மகளைக் கூப்பிடப் பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோடு போய்விடலாம் என்று யாருக்கோ குறுஞ்செய்தி அனுப்ப ஆரம்பித்தார்.

“ஆறாவது விநாடியில நிறுத்துங்க” என்றார் மொராகா.

காத்திகா நிறுத்தினார்.

“தோன்யா, உங்க கண்ணால சொல்லுங்க. எந்தப் பக்கம் தாழ்ந்திருக்கு?”

கிளோரிந்தாவுக்கு அது அவர் கேட்பதற்கு முன்பே தெரிந்துவிட்டது. நனைந்த மூட்டையைப் பிரித்து உள்ளே காய்ந்த சோளத்தைப் பார்த்த நாட்கள் அவள் நினைவுக்கு வந்தன.

“இடப்பக்கம்.”

“எலிசியோ நிக்கிறது?”

“வலப்பக்கம்.”

“அப்ப பௌதிஸ்தா ஓடுறது மேட்டப் பார்த்து. இருபத்தாறு பாகை. ஈரத் தளம்.” மொராகா குரலை உயர்த்தவே இல்லை. “சறுக்கினவன் பள்ளத்துக்குப் போவான். மேட்டுக்கு ஏறுறவன் ஏறணும்னு நினைச்சு ஏறுறான். அவன் வாக்குமூலத்துல சறுக்கினேன்னு மூணு இடத்துல கையெழுத்துப் போட்டிருக்கான். காலை வரைக்கும் அது பொய்யின்னு காட்ட எங்கிட்ட ஒண்ணும் இல்ல. கப்பல் ஆடலைங்கறது மட்டும்தான். நீங்க அத விடப் பெரிசா கொண்டு வந்து குடுத்திருக்கீங்க.”

கீழே பல் மருத்துவர் ஓய்ந்திருந்தார். தாகோ அளவுகோலைப் பைக்குள் வைத்தான்.

*

நீதிமன்றத்தின் அடித்தளத்தில் காவல் அறை. ஒன்று நாற்பது. பௌதிஸ்தா பெஞ்சில் உட்கார்ந்து, கைகளைத் தொடைக்கடியில் வைத்திருந்தான். குளிர்காலத்தில் கப்பல்காரர்கள் அப்படித்தான் உட்காருவார்கள் என்று, அவனை முதல் தடவை பார்க்க வந்தபோது கிளோரிந்தா நினைத்திருந்தாள்.

“கையக் காட்டு.”

“எதுக்கு, தோன்யா?”

“காட்டு.”

வலது கையை நீட்டினான். நான்கு விரல்களின் உள்பக்கத்திலும், நடுக் கணுவுக்குக் குறுக்கே, ஒரே நேராக ஒரு பட்டை. ஊதா நிறம் போய் மஞ்சளாகிக்கொண்டிருந்தது.

“வலை இழுத்ததுன்னு சிறை டாக்டர் எழுதியிருக்காரு” என்றாள் கிளோரிந்தா. “வலை உள்ளங்கையக் கிழிக்கும். அதோட, சறுக்கி விழறவன் கை விரிஞ்சிருக்கும். இது மூடின கை. எதையோ பிடிச்சிருக்க. அகலம் ரெண்டு விரல். எலிசியோ போட்டிருந்த ரப்பர் கால்சட்டையோட தோள்வார் அவ்வளவுதான் இருக்கும்.”

பௌதிஸ்தா கதவைப் பார்த்தான். வாசலில் தாகோ மட்டும் முதுகைக் காட்டி நின்றிருந்தான்.

“யஸ்னா மேலதான் இருக்காளா?”

“ரெண்டாவது மாடி. உனக்குச் சாப்பாடு கொண்டு வந்திருக்கா.”

அவன் பேசியது அவளிடம் சொல்வதுபோல இல்லை. எண்ணிப் பார்ப்பதுபோல இருந்தது.

“பெரிய அலை ஒண்ணு வர்றதப் பார்த்தேன். அவன் பார்க்கல. கத்துனா கேக்காது. ஓடினேன். மேடாத்தான் இருந்துச்சு, ஏறி ஓடினேன். முதுகுல கை வெச்சு வாரப் பிடிச்சேன். கப்பல் அந்தப் பக்கம் புரண்டுச்சு. அவன் விளிம்பத் தாண்டிப் போயிட்டான். என் கையில தொங்குறான்.”

“அப்புறம்?”

“அடுத்த அலையில என் காலும் தளத்த விட்டுக் கிளம்பிருச்சு.”

“வார் நழுவிருச்சு.”

“இல்ல, தோன்யா. நழுவல. நான் விட்டேன்.” அவன் கையைத் திரும்பத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டான். “நழுவுனா தெரியும். விட்டாலும் தெரியும். அவன் என் மூஞ்சியத்தான் பார்த்துக்கிட்டிருந்தான்.”

கிளோரிந்தா அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். “அது குத்தமில்ல. விடலைன்னா ரெண்டு பேரும் போயிருப்பீங்க. இத அப்படியே சொன்னா, இந்தக் கையும் சாட்சி சொல்லும், படமும் சொல்லும். ஓடினது காப்பாத்தத்தான்னு ஆயிடும். இன்னிக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போவ.”

“எந்த வீட்டுக்கு?”

“பௌதிஸ்தா.”

“சறுக்கினேன்னு சொன்னப்ப அவ என் கையப் பிடிச்சுக்கிட்டா. இந்தக் கைய.” கையை வெளியே எடுத்துப் பார்த்தான். “அவளுக்குக் கடல் கொண்டுபோன தம்பி இருக்கான். நான் விட்டுட்ட தம்பி வேண்டாம்.”

“உள்ள எத்தன வருஷம் தெரியுமா?”

“வக்கீல் சொன்னாரு.”

“நான் சொல்லிட்டா?”

“நீங்க எங்க தரப்பு ஆளு. நான் சொல்லுங்கன்னு சொல்லாம நீங்க யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்க. யஸ்னா சொல்லியிருக்கா, உங்களப் பத்தி.”

படிக்கட்டு ஏறும்போது தாகோ பாதியில் நின்றான். “நான் உங்க தரப்பும் இல்ல, அவன் தரப்பும் இல்ல, தோன்யா. வாய் நீளம்னு ஊருக்கே தெரியும். தவறி வந்துருச்சுன்னு வெச்சுக்கலாம்.”

“நீ சொன்னா, அவன் இல்லைன்னு சொல்வான். மொராகா சிரிக்கக்கூட மாட்டாரு.”

“அப்ப என்னதான் பண்றது?”

கிளோரிந்தா கைப்பிடிக் கம்பியைப் பற்றி ஏறினாள்.

இரண்டாவது மாடி நடையில் யஸ்னா பெஞ்சில் காத்திருந்தாள். மடியில் துணி சுற்றிய பாத்திரம். பூசணி மாவில் பொரித்த சோபாய்ப்பியா வாசனை வந்தது. அவள் முகம் கழுவி, தலையை வாரியிருந்தாள்.

“கப்பல் ஆடினது தெரிஞ்சு போச்சு இல்ல? ஓயார்சேகிட்ட கேட்டா, உங்ககிட்ட கேளுங்கறாரு.”

“ஆடினது தெரிஞ்சுது.”

“அப்ப அவரு சொன்னது உண்மைதானே, தோன்யா?”

தாகோ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே மழை.

“உள்ள போகலாம். கூப்பிடுறாங்க” என்றாள் கிளோரிந்தா.

*

விசாரணை மூன்று மணி நாலு நிமிடத்துக்குத் தொடங்கியது. பெட்டி விளிம்பை அடிவானமாக எடுத்துக்கொண்டதை இரண்டு தரப்பும் ஒப்புக்கொண்டன. திருத்திய படம் ஒரு முறை ஓடியது. ஆறாவது விநாடியில் மொராகா நிறுத்தினார்.

நீதிபதி பௌதிஸ்தாவிடம் நேராகக் கேட்டார். “நீங்க மேட்டப் பார்த்து ஓடுற மாதிரி தெரியுது. ஏன்?”

ஓயார்சே அவன் பக்கம் குனிந்து ஏதோ சொன்னார். பௌதிஸ்தா எழுந்தான். கிளோரிந்தா உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்க்கவில்லை. அதற்குப் பின்வரிசையைப் பார்த்தான்.

“சறுக்கிட்டேன், ஐயா.”

“சாய்வு எதிர்ப்பக்கமா இருக்கே.”

“எனக்குத் தெரியாது. சறுக்கிட்டேன்.”

“வாக்குமூலத்துல மாத்த வேண்டியது ஏதாவது உண்டா?”

“இல்ல.”

பின்வரிசையில் யஸ்னா அவனைப் பார்த்து ஆமோதித்துத் தலையசைத்தாள்.

நீதிபதி எட்டு வரிகளை வாசித்தார். தடுமாறி விழுந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவர் கூறியது திருத்திய படத்தோடு பொருந்தவில்லை என்பது ஐந்தாவது வரி. காவல் மேலும் தொண்ணூறு நாள் நீட்டிக்கப்பட்டது. விசாரணை மூன்று பதினெட்டுக்கு முடிந்தது.

உணவுப் பாத்திரத்தைக் கொடுக்க யஸ்னா அனுமதி கேட்டாள். காவலர் மறுத்தார். மூன்று முப்பத்தைந்துக்கு வண்டி கொன்செப்சியோன் சிறைக்குப் புறப்பட்டது.